கழுத்து முறியட்டும்

வெண்டெலீன் க்ராய்ச்சி பதினோரு வருடம் கழித்து எங்கள் அரங்கத்துக்கு வந்தபோது, மேடைக் கதவருகே அவன் பெட்டியை வாங்கிக்கொண்டவள் நான்தான். நவம்பர் மாதம், பகல் இரண்டு மணி. ஹ்ரோன் ஆற்றிலிருந்து எழுந்த மூட்டம் தெருவிளக்கு வரை ஏறியிருந்தது. அவன் மேலே ஒட்டக ரோமக் கோட்டு, கழுத்தைச் சுற்றிப் பட்டுத் துணி, வாயை மூடி இன்னொரு பட்டுத் துணி. குளிர் தொண்டையில் படக்கூடாதாம். ஒரு காலத்தில் இதே கதவு வழியாக, மரம் அறுக்கும் ஆலையின் தூள் தலையில் ஒட்டியிருக்க, ஓட்டைச் சப்பாத்தோடு வந்தவன் அவன்.

"ரெல்கா அக்கா, நீங்க அப்படியே இருக்கீங்க," என்றான்.

"நீ அப்படி இல்ல. தொந்தி போட்டுட்ட. உடுப்பைப் பிரிச்சுத்தான் தைக்கணும்."

சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்து, வியன்னாவிலிருந்து கொண்டுவந்த காப்பிப் பொட்டலம் ஒன்றை என் கையில் வைத்தான். அரைக் கிலோ. என் புருஷனுக்கு ஈடாக அரைக் கிலோ காப்பி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வெளியே சொல்லவில்லை. பதினோரு வருடம் வாயைக் கட்டியவளுக்கு இன்னும் நாலு நாள் பெரிய விஷயம் இல்லை.

நான் ஆண் பாடகர்களுக்கு உடுப்பு மாட்டுகிறவள். இருபத்தாறு வருடமாக இந்தக் கட்டடத்தில் உச்சக் குரலில் பாடும் எத்தனையோ டெனர்களின் வியர்வையைத் துவைத்திருக்கிறேன். என் புருஷன் இம்ரோ இங்கே மேடைச் சாமான்களுக்குப் பொறுப்பாளராக இருந்தார். வாள், கோப்பை, கடிதம், பிணத்துக்கு வைக்கும் பூ, எல்லாம் அவர் மேசையில் வரிசையாக இருக்கும். இடதுகைக்காரர். அதிகம் பேசமாட்டார்.

அந்த வருடம் மலைக்கொள்ளையன் மத்தேயின் கதையை இசைநாடகமாகப் போட்டோம். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அமைத்த இசை. அதில் இரண்டு வலாஷ்காக்கள் உண்டு. மேய்ப்பர்கள் ஊன்றிக்கொண்டு நடக்கும் நீளக் காம்புள்ள சின்னக் கோடரிதான் வலாஷ்கா. முதல் காட்சியில் மத்தேய் அதை மரக்கட்டையில் ஓங்கிக் குத்தி நிறுத்தவேண்டும். அதற்கு நிஜ இரும்பு. கடைசிக் காட்சியில் அவன் கூட்டாளியே பின்னாலிருந்து அவனை வெட்டவேண்டும். அதற்கு வண்ணம் பூசிய மரம். பத்தடியில் நின்று பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் இம்ரோ இரும்புக் கோடரியின் காம்பில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டிவைப்பார். ரிப்பன் கட்டியது எதுவோ அதுதான் கொல்லும். இதைப் பாடகர்கள் எல்லோருக்கும் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

மத்தேயாகப் பாடியவர் காஷ்பர் லூசான். நல்ல குரல், கெட்ட வாய். வெண்டெலீன் அப்போது கூட்டுப்பாடகர்களில் மூன்றாம் வரிசை. துரோகக் கூட்டாளி வேடம் அவனுக்கு. பாட இரண்டே வரி, ஓங்க ஒரு கோடரி. ஆனால் மத்தேயின் பாட்டு முழுவதையும் அவன் படித்து வைத்திருந்தான். எங்கள் தொழிலில் ஒரு பாடகர் படுத்துவிட்டால் இன்னொருவர் அதே உடுப்பை மாட்டிக்கொண்டு அதே மேடையில் குதித்துவிடுவார். பாதிப் பாடகர்களின் வாழ்க்கை வேறு யாருடைய ஜலதோஷத்திலோதான் ஆரம்பித்திருக்கிறது.

கடைசி ஒத்திகை, காலை பதினோரு மணி. மலைகளிடம் விடைபெறும் பாட்டின் கடைசி உச்ச ஸ்வரத்துக்காக காஷ்பர் குனிந்து மூச்சை இழுத்தார். அந்த மூச்சு வெளியே வரவே இல்லை. வெண்டெலீன் ஓங்கிய கோடரி நிஜக் கோடரி. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இறங்கியது. ஆட்டுத்தோல் கோட்டைக் கழற்றியவள் நான். அதன் கனத்தை இப்போது நினைத்தாலும் கை தொங்குகிறது.

சிவப்பு ரிப்பன் மரக்கோடரியில் இருந்தது. "ரிப்பன் இல்லாததைத்தானே எடுத்தேன், அப்படித்தானே சொல்லிக்கொடுத்தார்கள்" என்று வெண்டெலீன் தரையில் புரண்டு அழுதான். இம்ரோவின் இழுப்பறையில் பிளம் சாராயக் குப்பி ஒன்று கிடைத்தது. குடிகாரன் மாற்றிக் கட்டிவிட்டான் என்று தீர்ந்தது. அந்த முடிச்சு வலதுகை முடிச்சு, என் புருஷன் முடிச்சு இடப்பக்கம் சுற்றும் என்று நான் நீதிமன்றத்தில் சொன்னேன். நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த சாட்சியைக் கூப்பிட்டார். இம்ரோ மூன்று வருடத் தண்டனையில் இரண்டாம் வருடமே நெஞ்சுச் சளியோடு திரும்பி வந்து, எங்கள் சமையலறைக் கட்டிலில் செத்தார். சாகும்வரை ஒன்றையே சொன்னார், நான் மாத்திக் கட்டல ரெல்கா என்று.

காஷ்பர் செத்த நாலாம் நாள் வெண்டெலீன் மத்தேயாகக் குதித்தான். பத்திரிகைகள் கொண்டாடின. பிறகு பிராட்டிஸ்லாவா, ப்ராக், லைப்சிக், வியன்னா. அவன் படம் போட்ட நாட்காட்டி ரொட்டிக்கடையில்கூடத் தொங்கியது. இப்போது அரங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கு அதே மத்தேயைப் பாட வந்திருக்கிறான்.

எனக்கு அவன் உயிர் வேண்டியிருக்கவில்லை. இதை நம்புங்கள். நாலு பேர் முன்னால் அவன் வாயைத் திறந்து, இம்ரோ மாற்றிக் கட்டவில்லை என்று சொல்லவேண்டும். அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

அவனுக்கு மூன்றாம் எண் அறையைக் கொடுத்தேன். அவன் வேறு அறை கேட்டான். மற்ற அறைகளில் கூரை ஒழுகுகிறது என்றேன். ஒழுகியது உண்மை. அதோடு மூன்றாம் எண் காஷ்பரின் அறை என்பதும் உண்மை.

அந்த அறையைப் பற்றி உடுப்புக்காரர்கள் வெளியே பேசமாட்டோம். உள்ளே போனால் பச்சை முட்டை வாசனை வரும். காஷ்பர் பாடுமுன் இரண்டு முட்டையை உடைத்து வாயில் ஊற்றிக்கொள்வார். வாசனைகூடப் பழகிவிடும். பழகாதது இன்னொன்று. குனிந்து எதையாவது எடுக்கும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு இழுப்பார்கள். நெஞ்சு நிறைய, விலா விரிய, மெதுவாக.

இழுத்த மூச்சை விடும் சத்தம் மட்டும் வராது.

பதினோரு வருடமாக அதைக் கேட்டிருக்கிறேன். காஷ்பர் என்னை ஒன்றும் செய்ததில்லை. எதற்காக நிற்கிறார் என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் அரங்கத்தில் மேடைக்குப் போகிறவரை யாரும் நல்லா இரு என்று வாழ்த்தமாட்டார்கள். கண்பட்டுவிடும். இடது தோளுக்கு மேல் மூன்று முறை துப்பி, பின்புறத்தில் முழங்காலால் ஓர் இடி கொடுத்து, "கழுத்து முறியட்டும்" என்போம். கேட்டவர் நன்றி சொல்லக்கூடாது. சொன்னால் கேட்டது அப்படியே பலித்துவிடும் என்று பயம். அதனால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு போவார்கள். அன்று காலை ஒரு சப்பாத்துப் பொத்தானுக்காகக் காஷ்பர் என்னைக் கண்டபடி ஏசினார். கோபத்தில் நான் அவருக்கு அதைச் சொல்லாமல் விட்டேன். வெறும் ஒத்திகைதானே என்று நினைத்தேன். சொல்லாமல் அனுப்பப்பட்ட ஒரே பாடகர் அவர்.

வெண்டெலீன் முதல் நாளே அந்த மூச்சைக் கேட்டான். சப்பாத்து வாரைக் கட்டக் குனிந்தவன் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் வாயில் குண்டூசிகளோடு சுவரோரம் நின்றிருந்தேன்.

"யாரு?" என்றான்.

"குழாய்," என்றேன்.

மறுநாளிலிருந்து அவன் குனியவே இல்லை. சப்பாத்தை என்னைக் கட்டச் சொன்னான். உயரப் போகும் குரல் எல்லாம் சரியாகவே வந்தது. ஆனால் பாட மூச்சு எடுக்கும்போதெல்லாம் கண்ணாடியில் தன் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டான்.

நாலாம் நாள் கடைசி ஒத்திகை. அதே பதினோரு மணி. ஓய்வூதியக்காரர்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் உட்காரவைத்து நடத்தும் ஒத்திகை, அரங்கு நிறைந்திருந்தது. அவனுக்கென்று புதிதாகத் தைத்த ஆட்டுத்தோல் கோட்டை மாட்டினேன். கழுத்துக் கொக்கி எட்டவில்லை. முதல் நாள் நானே அளந்து தைத்தது. நான் கழுத்தளவு தவறியதே இல்லை. விலக்கிப் பார்த்தேன். கழுத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கியிருந்தது. இடப்பக்கம், தோளில் சேருமிடத்தில், ஒரு கோடு. கத்திமுனையால் வரைந்ததுபோல் நேரான கோடு.

"வலிக்குதா?"

"நேத்து ராத்திரியிலேர்ந்து," என்றான். உதட்டில் வண்ணத்துக்கு அடியில் ரத்தமே இல்லை.

கிடங்கில் அந்த அளவுக்கு இன்னொரு கோட்டுதான் இருந்தது. எங்கள் அரங்கம் எதையும் எறியாது. துவைத்து, வெட்டு வாயைத் தைத்து, கறை படிந்த உள்துணியோடு பதினோரு வருடமாகத் தொங்கியது. மாட்டினேன். சரியாக இருந்தது.

மேடையில் இப்போது நிஜ ஆயுதமே கிடையாது. காஷ்பருக்குப் பிறகு வந்த விதி அது. இம்ரோவின் வேலையை இப்போது செய்கிறவர் ப்ளாஷெய், நிழலைக் கண்டும் ஒதுங்குகிற மனிதர். அவரிடம் இருந்த இரண்டு வலாஷ்காக்களும் ரப்பர். முதல் காட்சியில் கோடரி கட்டையில் விழும் ஓசைக்கு அவரே ஓரத்தில் நின்று சுத்தியலால் பலகையைத் தட்டுவார். அன்று அவர் சுத்தியலை ஓங்குவதற்கு முன்பே மேடையில் சத்தம் கேட்டது.

கனமான இரும்புச் சத்தம்.

ப்ளாஷெய் என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அப்போதே திரையை இறக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கடைசிக் காட்சிக்கு முன் வெண்டெலீன் இடது ஓரத்தில் என் பக்கத்தில் வந்து நின்றான். மேடை இருட்டு. வயலின்கள் மட்டும் இழுத்துக்கொண்டிருந்தன. கோட்டின் கழுத்தோரம் ஈரமாக இருந்தது. வியர்வை என்று துடைத்தேன். துணியில் சிவப்பு.

"சொல்லுங்க அக்கா," என்று கிசுகிசுத்தான். வழக்கமான வாழ்த்தைத்தான் கேட்டான்.

"நீ மொதல்ல சொல்லு. ரிப்பனை யாரு மாத்துனா?"

எங்கள் இருவருக்கும் பின்னால், திரைச்சீலையின் மடிப்பில், யாரோ மூச்சு இழுத்தார்கள். அவனுக்கும் கேட்டது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"நான்தான்," என்றான். "மூணு வருஷம் காத்திருந்தேன் அக்கா. அவருக்கு ஒரு தும்மல்கூட வரல. தோள் எலும்பு முறிஞ்சா ஒரு மாசம் படுத்துப்பாருன்னு நெனச்சேன். ஒரே ஒரு தடவை பாடணும், அவ்வளவுதான். நான் தோளுக்குத்தான் ஓங்கினேன். மூச்சு எடுக்க அவர் குனிஞ்சுட்டாரு."

"இம்ரோ?"

"அவரைப் பத்தி நான் நெனைக்கவே இல்ல."

இதுதான் என்னைக் கொளுத்திவிட்டது. பொய் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். இரண்டு வருடம் சிறையில் இருமிய மனிதரை இவன் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

அவனிடம் இன்னொரு வார்த்தை கேட்டிருக்கவேண்டும். நாளைக்கு இதை எல்லோர் முன்னாலும் சொல்வாயா என்று. அதற்காகத்தானே இத்தனை வருடம் காத்திருந்தேன். அப்போது அது என் நினைவிலேயே இல்லை. அவன் இடது தோளுக்கு மேல் மூன்று முறை துப்பினேன். முழங்காலால் இடித்தேன். இருபத்தாறு வருடத்தில் ஆயிரம் முறை சொன்ன வார்த்தையை முதல் தடவையாக மனதாரச் சொன்னேன்.

"கழுத்து முறியட்டும்."

அவன் கண் கலங்கியிருந்தது. பாரம் இறங்கியவன் முகம்.

"நன்றி அக்கா," என்றான்.

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டான். வயலின்கள் நின்றன. விளக்கு அவன்மேல் விழுந்தது. போயே ஆகவேண்டும். போனான்.

பாட்டைப் பழுதில்லாமல் பாடினான். துரோகி வேடத்தில் ஆர்பாட், தாழ்ந்த குரல்காரன், ஆறடி உயரம், பின்னாலிருந்து நடந்து வந்தான். கையில் ப்ளாஷெய் கொடுத்த ரப்பர் வலாஷ்கா. இரண்டடி தூக்கியதும் ஆர்பாட்டின் தோள் சரிந்தது. கையில் இருந்ததன் கனம் அவனை இழுத்தது. அவன் முகத்தில் வந்த திகைப்பை நான் பார்த்தேன். நிறுத்தப் பார்த்தான். கை நிற்கவில்லை.

வெண்டெலீன் கடைசி ஸ்வரத்துக்காக மூச்சு எடுத்தான். குனியக்கூடாது என்று நாலு நாளாக நிமிர்ந்தே நின்றவன். யாரோ பிடரியில் கைவைத்து அமுக்கியதுபோல் அவன் தலை தாழ்ந்தது.

கோடரி இறங்கியது.

விறகு பிளக்கும் சத்தம். முன்வரிசையில் ஒரு பெண்மணியின் கண்ணாடியில் தெறித்தது. அவர் அதைத் துடைத்துக்கொண்டு கைதட்டினார். ஆர்பாட் காம்பை விட்டுவிட்டு முழங்காலில் விழுந்தான். கோடரி நிமிர்ந்தே நின்றது. வெண்டெலீன் கவிழ்ந்து கிடந்தான். ஆனால் முகம் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்புறம் அவன் பாடினான்.

வாய் திறந்தது. நெஞ்சு அசையவில்லை. அந்த உச்ச ஸ்வரம் எழுந்து மாடி வரிசை வரை நிறைந்து, இம்மி பிசகாமல் நின்றது. எனக்குக் குரல் தெரியும். அது வெண்டெலீனின் குரல் இல்லை. பதினோரு வருடத்துக்கு முன் இழுத்த மூச்சு இப்போது வெளியே வந்துகொண்டிருந்தது. வாத்தியக்காரர்கள் வில்லைக் கீழே போட்டுவிட்டார்கள். குரல் மட்டும் தனியாக, இசையமைப்பாளர் எழுதிவைத்த அளவு முழுவதும் நின்று, முடிந்தது.

ஓய்வூதியக்காரர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். ப்ளாஷெய் அலறிய பிறகுதான் நிறுத்தினார்கள்.

கோடரி அதே பழைய இரும்புக் கோடரி. காவல்துறை கொண்டுபோனபோது கட்டிய சாட்சிச் சீட்டின் நூல் இன்னும் அதில் தொங்கியது. காம்பில் ரிப்பன் இல்லை. அங்கே வெளிறிய தடம் மட்டும் இருந்தது. அது எப்படி உள்ளே வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாவிட்டால் பொறுப்பாளர்தான் பதில் சொல்லவேண்டும். அன்று மாலையே ப்ளாஷெயைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் இழுப்பறையில் தூக்க மாத்திரை டப்பா ஒன்று கிடைத்தது. பார்த்தீர்களா, மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்திருக்கிறான் என்று தாழ்வாரத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் காவல் நிலையத்துக்குப் போனேன். ரிப்பனை மாற்றியவன் வெண்டெலீன் என்றேன், என்னிடம் சொல்லிவிட்டுத்தான் செத்தான் என்றேன். அதிகாரி எழுதிக்கொண்டார். தேநீர் வரவழைத்தார். வேறு யார் கேட்டார்கள் என்றார். இன்னொருவர் கேட்டார் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நிறுத்திக்கொண்டேன். என் வயதைக் கேட்டார். இறந்துபோன புருஷனைப் பற்றி ஆறுதலாக நாலு வார்த்தை சொன்னார். என்னைப் பைத்தியம் என்று அவர் எழுதவில்லை. அந்த மரியாதைக்கு நான் நன்றி சொல்லவில்லை.

உலகத்தில் இம்ரோவுக்காகப் பேசக்கூடிய ஒரே வாய் வெண்டெலீனுடையது. அதை மூடியவள் நான்.

அரங்கத்துக்குத் திரும்பி வந்தபோது பனி விழத் தொடங்கியிருந்தது. மேடைக் கதவருகே ப்ளாஷெயின் மனைவி ஃபிலோமேனா நின்றிருந்தாள். தலைத்துணியில் பனி படிந்திருந்தது. பதினோரு வருடத்துக்கு முன் நான் நின்ற அதே இடம். உள்ளே போகிறவர்களை ஒவ்வொருவராகப் பிடித்து, என் புருஷன் கொடுத்தது ரப்பர், அவரே கையால் வளைத்துப் பார்த்துத்தான் கொடுத்தார் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லோரும் தலையாட்டிவிட்டு நகர்ந்தார்கள். நானும் நகர்ந்தேன். அவள் கண்ணைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

மூன்றாம் எண் அறையைத் திறந்தேன். முட்டை வாசனை இல்லை. வேண்டுமென்றே குனிந்தேன். மூச்சுச் சத்தமும் இல்லை. காஷ்பர் போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. காஷ்பருக்கு அவர் ஸ்வரம் கிடைத்துவிட்டது. இம்ரோவுக்கு என்ன கிடைத்தது என்று உரக்கவே கேட்டேன். பிறகு மெல்ல ஒரு வாசனை வந்தது. பிளம் சாராயமும் வண்ணப்பூச்சும் கலந்த வாசனை. எங்கள் வீட்டுக் கட்டிலில் ஒன்பது வருடமாக இல்லாத வாசனை.

"இம்ரோ?" என்றேன்.

விளக்கு ஒருமுறை தாழ்ந்து எரிந்தது. என் இடது மணிக்கட்டில், மெதுவாக, யாரோ எதையோ இறுக்கினார்கள்.

குனிந்து பார்த்தேன்.

சிவப்பு ரிப்பன். ஒரு வால் நீளம், ஒரு வால் குட்டை. முடிச்சு இடப்பக்கம் சுற்றியிருந்தது.

அவிழ்க்கப் பார்த்தேன், முடியவில்லை. கத்தரியால் வெட்டினேன். காலையில் திரும்பவும் இருந்தது. இன்றைக்கும் கைச்சட்டைக்கு உள்ளே இருக்கிறது. பாடகர்கள் யாருக்கும் நான் இப்போது வாழ்த்துச் சொல்வதில்லை, அவர்கள் பக்கத்தில்கூட நிற்பதில்லை. எது கொல்லும், எது கொல்லாது என்று பிரித்துக் காட்டத்தான் அவர் ரிப்பன் கட்டுவார்.

இம்ரோ ஒரு தடவைகூட மாற்றிக் கட்டியதில்லை.